லேபிள் பிரிண்டரும் அதன் சூடும்

ஒரு பனியன் பெட்டிக்குள் போய்ச் சேருமுன் எத்தனை கைகள் மாறுகிறது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. இவ்வளவும் செவ்வனே நடந்தேறிய பின்னும், இரண்டு விரல் அகலமுள்ள ஒரு நாடாத் துண்டின் பொருட்டுச் சரக்கு முழுவதும் நின்றுபோவதுண்டு. துவைக்கும் முறையைக் கூறும் வாஷ்கேர் லேபிளோ, விலையும் பார்கோடும் தாங்கிய அட்டையோதான் அது. எழுத்து அழிந்திருந்தாலும், கோடுகளைக் கருவி படிக்க மறுத்தாலும், துணியின் தரத்தைப் பற்றி அப்புறம் எவரும் பேசுவதில்லை; பெட்டிதான் திரும்பி வருகிறது.

லேபிள் என்பது அலங்காரம் அன்று. அமெரிக்காவில் துணியில் உள்ள நார் இன்னதென்று லேபிளில் குறிக்க வேண்டும் என்று 1958-இல் சட்டம் இயற்றினார்கள். துவைக்கும் முறையையும் நிலையான லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி 1971-இல் பிறந்தது. வாளி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி என்று நாம் காணும் அடையாளங்களைப் பரப்பிய ஐரோப்பியக் கூட்டமைப்பு 1963-இல் பாரிசில் உருவாயிற்று. நம் நாட்டிலும் கைத்தறிச் சேலைக்குக் ‘கைத்தறி முத்திரை’ 2006-இல் ஏற்பட்டது முதல், துணியோடு சேர்ந்து போகும் சிறு துண்டின் மதிப்பு நெசவாளர்களுக்கும் நன்றாக விளங்கியிருக்கிறது. ஆகவே அந்தத் துண்டை அச்சிடும் யந்திரத்தைப் பற்றி ஓரளவாவது தெரிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது.

அண்மையில் திருப்பூரில் லேபிள் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறு பணிமனைக்குச் சென்றிருந்தோம். கணவனும் மனைவியுமாக, மேசைமேல் வைக்கும் மலிவு விலைப் பிரிண்டர்கள் இரண்டைக் கொண்டு தொழில் நடத்துகிறார்கள். அன்று ஒரு யந்திரம் ஓய்ந்து கிடந்தது. அச்சில் மூன்று வெள்ளைக் கோடுகள் நீளவாட்டில் ஓடின. அதில் ஒன்று பார்கோட்டின் நடுவே விழுந்தது. “ஹெட்டு போயிருச்சுங்க. மாத்தித்தான் ஆகோணும்னு மெக்கானிக் சொல்லிட்டாருங்க” என்றார் அவர். “நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு” என்றார் அம்மையார். மலிவு யந்திரங்களில் புது ஹெட்டின் விலை, யந்திரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ எட்டிவிடுகிறது. மறுநாள் காலை சரக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் அன்று நிலவிய மௌனத்தை நாம் விவரிக்கப் போவதில்லை.

அந்த ஹெட் உண்மையில் போய்விட்டதா? அதைச் சொல்லுமுன் ஹெட் என்பது யாதெனக் காண்போம்.

மையினால் அச்சிடும் யந்திரமன்று இது, சூட்டினால் அச்சிடுவது. அகலமான பீங்கான் பட்டை ஒன்றின் விளிம்பில், மயிரிழை போன்ற ஒரு வரிசையில், மிக நுண்ணிய மின்தடைகள் படிந்திருக்கின்றன. அவற்றின் மேல் கண்ணாடி போன்ற ஒரு காப்புப் பூச்சு. மின்தடையில் மின்சாரம் பாய்ந்தால் சூடு பிறக்கும் என்பதை ஜூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1840-ஆம் ஆண்டையொட்டிக் கணக்கிட்டுக் காட்டினார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் அந்த விதிக்கே கட்டுப்பட்டது. வேறுபாடு என்னவெனில், இஸ்திரிப் பெட்டியில் ஒரே ஒரு சுருள் நிதானமாகக் காய்கிறது. இங்கோ நூற்றுக்கணக்கான ஊசிமுனைகள் கண்ணிமைப்பதற்குள் பலமுறை காய்ந்து பலமுறை ஆறுகின்றன. சாதாரண மேசைப் பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். கடையில் இதை 203 டி.பி.ஐ. என்று கூறுவார்கள். 104 மில்லிமீட்டர் அகல ஹெட்டில் 832 புள்ளிகள் இருக்கும். ஹெட்டின் கீழே ரப்பர் உருளை சுழல்கிறது. அதைப் பிளாட்டன் ரோலர் என்கிறோம். ஹெட்டுக்கும் ரோலருக்கும் இடையே ரிப்பனும் நாடாவும் ஒன்றன்மேல் ஒன்றாக நழுவிச் செல்கின்றன. காய்ந்த புள்ளிக்கு நேரே உள்ள ரிப்பன் மை உருகி நாடாவில் ஒட்டிக்கொள்கிறது.

இந்த வித்தைக்கு மூலபுருஷர்களில் ஒருவராகக் கருதப்படுபவர் அமெரிக்கரான ஜாக் கில்பி. கணிப்பொறிகளுக்கெல்லாம் ஆதாரமான சில்லை 1958-இல் செய்து காட்டி, அதற்காக 2000-இல் நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. சூட்டில் அச்சிடும் முறை முதலில் சென்றது துணிக்கு அன்று. கையடக்கக் கணக்குக் கருவிக்கு. 1970-இல் வெளிவந்த அத்தகைய கருவி ஒன்று, விடையைக் காகிதச் சுருளில் சுட்டுக் காட்டியது. இன்று பேருந்தில் நடத்துநர் கிழித்துத் தரும் சீட்டும் அதே வம்சந்தான்.

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். விநாடிக்கு 4 அங்குல வேகத்தில் பிரிண்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு 8 வரிசை வீதம், ஒரு விநாடியில் ஏறக்குறைய 813 வரிசைகளை அது சுட வேண்டும். ஒரு வரிசைக்குக் கிடைக்கும் அவகாசம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்றேகால் பங்குக்கும் குறைவு. அதற்குள் புள்ளி காய வேண்டும், மை உருக வேண்டும், மறுபடி புள்ளி ஆற வேண்டும். வேகத்தை 2 அங்குலமாகக் குறைத்தால் அவகாசம் இரட்டிக்கிறது. குறைந்த சூட்டிலேயே மை நிதானமாக இறங்குகிறது.

நம் பணிமனைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. அச்சு சற்று மங்கினால் உடனே ‘டார்க்னஸ்’ என்னும் கருமை அளவை ஏற்றிவிடுகிறார்கள். 0 முதல் 15 வரை எண்ணிடும் யந்திரங்களும் உண்டு. 0 முதல் 30 வரை எண்ணிடுபவையும் உண்டு. எண் எதுவாயினும் கை உச்சிக்கே போகிறது. நாம் சென்ற பணிமனையிலும் 8-இல் இருந்த அளவு ஒரு வாரத்திற்குள் 15-க்கு ஏறியிருந்தது. அச்சு ஏன் மங்கிற்று என்று கேட்பாரில்லை. தோசைக் கல் காயாவிட்டால் மாவு ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் கல்லில் நேற்றைய கரி படிந்திருக்கும்போது அடுப்பை மேலும் மேலும் எரித்தால் கிடைப்பது தோசையா? ஹெட்டின் மேல் படிந்த அழுக்கு, சூட்டை நாடாவுக்குப் போகவொட்டாமல் தடுக்கிறது. தடுக்கப்பட்ட சூடு புள்ளியிலேயே தங்கி அதையே தின்கிறது. இவ்விதம் அழுக்கினால் மங்கிய ஹெட்டை, அதைத் தெளிவாக்க முயலும் நாமே கொன்றுவிடுகிறோம். ஹெட்டுகளின் மரணத்தில் பெரும்பகுதி இவ்வாறே நிகழ்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

ஆகையால் அச்சில் குறை கண்டவுடன் கருமை அளவைத் தொடாமல், குறையின் உருவத்தைப் பார்க்க வேண்டும். நாடா ஓடும் திசையில் ஒரே இடத்தில் இடைவிடாமல் நேர்கோடாக வெள்ளை ஓடினால் அது ஹெட்டைச் சார்ந்த குறை. அழுக்காகவும் இருக்கலாம், செத்த புள்ளியாகவும் இருக்கலாம். வெள்ளைக் கோடு சாய்ந்து மயில்தோகைபோல் விரிந்தால் அது ரிப்பன் சுருக்கம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒரு புள்ளியோ வெட்டோ தோன்றினால் ரோலரைச் சந்தேகிக்க வேண்டும். ரோலரைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அதன் நீளத்தை அளந்து பாருங்கள். அந்த நீளமும் குறைகளுக்கிடையே உள்ள தூரமும் ஒன்றாயிருந்தால் ஐயமே வேண்டாம். ஒட்டிக்கொண்ட லேபிளைப் பிளேடால் சுரண்டிய கை எதுவென்று விசாரித்தால் போதும். ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் மங்கினால் அழுத்தம் சமமில்லை. எங்கும் ஒரே சீராக மங்கியிருந்தால் மட்டுமே சூடு, வேகம், ரிப்பன் இனம் ஆகியவற்றின்மேல் கவனம் செலுத்த வேண்டும். யந்திரத்திலுள்ள ஃபீட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தால், கணிப்பொறியின் உதவியின்றியே பரிசோதனைச் சீட்டு ஒன்றை அச்சிடும் பிரிண்டர்கள் பல உண்டு. வாரம் ஒரு சீட்டு எடுத்துத் தேதியிட்டு ஆணியில் குத்தி வைத்தால், ஹெட்டின் ஜாதகம் கையில் இருக்கும்.

சுத்தம் செய்யும் முறை

இதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் சுத்தம் செய்யப் புகுந்து ஹெட்டைக் கெடுத்தவர்கள் அநேகர். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, ஹெட் ஆறும் வரையில் பொறுக்க வேண்டும். சூடான ஹெட்டின்மேல் திரவம் படுவது நல்லதன்று. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில், நீர் கலவாத 99 சதவீத வகையாக வாங்கி, பஞ்சு உதிராத துணியிலோ பட்டைக் குச்சியிலோ சிறிது நனைத்து, ஹெட்டின் விளிம்பு நெடுகத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே திசையில். முன்னும் பின்னும் போனால் எடுத்த அழுக்கே மீண்டும் பூசப்படும். பிறகு சில நிமிடங்கள் உலர விட வேண்டும். இத்திரவம் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் நெருப்போ புகைப்பவரோ இருத்தலாகாது. ரோலரையும் கையால் சுழற்றியபடி அதே திரவத்தால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு ரிப்பன் சுருள் மாற்றும்போதும் இதைச் செய்துவிட்டால் ஐந்து நிமிடத்திற்குமேல் ஆகாது.

இங்கே திருப்பூருக்கே உரிய ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயானாலும் தூசியானாலும், எதையும் பனியன் வேஸ்டால் துடைப்பது நம் ஊர் வழக்கம். தையல் யந்திரத்துக்கு அது தகும். ஹெட்டுக்குத் தகாது. பனியன் வேஸ்டு தானே பஞ்சை உதிர்க்கும்; அதில் மாட்டியிருக்கும் மணல் துகளோ, பொத்தான் சில்லோ காப்புப் பூச்சைக் கீறினால், அந்தக் கீறலுக்குள் ஈரமும் உப்பும் இறங்கிப் புள்ளியை அரிக்கும். விரலால் தொட்டுப் பார்ப்பதும் அவ்வாறே. வியர்வையில் உப்பு இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர், பிளேடு, எமெரித் தாள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? மற்றொன்று: கொரோனாக் காலத்திற்குப் பிறகு மேசைதோறும் நிற்கும் சானிடைசரை எடுத்துத் துடைக்கிறார்கள். அதில் நீரும் கிளிசரினும் கலந்திருப்பதால் ஹெட்டின்மேல் பிசுக்குப் படியும். ஆல்கஹால் என்னும் பெயர் ஒன்றாயிருந்தால் குணமும் ஒன்றாகிவிடாது.

துடைத்த பின்னும் அழுக்கு திரும்பத் திரும்பச் சேருமானால் அது எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வேண்டும். கட்டிங் மேசைக்கும் ஓவர்லாக் யந்திரத்துக்கும் அருகே பிரிண்டரை வைத்திருப்பவர்கள் நம்மில் மிகுதி. இடவசதி அப்படி. ஆனால் பருத்திப் பஞ்சு காற்றில் மிதந்து வந்து ரிப்பனில் அமர்கிறது. ரிப்பன் அதை நேரே ஹெட்டின் வாய்க்குள் கொண்டு செல்கிறது. ஒரு தடுப்புப் பலகை, வேலையில்லாத வேளையில் ஒரு மூடி, மின்விசிறியின் காற்று நேரே படாத ஓர் இடம்: இவ்வளவு செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

கண்ணுக்குத் தெரியாத பகை

பஞ்சு கண்ணுக்குத் தெரியும். நிலைமின்சாரம் தெரியாது. நைலான் டஃபேட்டா, பாலியெஸ்டர் சாட்டின் ஆகிய நாடாக்களும், ரிப்பனின் பிளாஸ்டிக் படலமும் வேகமாகப் பிரியும்போது நிலைமின்சாரம் திரளுகிறது. மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் இது அதிகம். நாடாவைத் தொட்டால் சுரீரென்று தைப்பதை வேலை செய்பவர்கள் உணர்ந்திருப்பார்கள். அந்தப் பொறி நம் விரலில் பாய்ந்தால் ஒரு கணம் வலி; ஹெட்டில் பாய்ந்தால் ஒரு புள்ளி போயிற்று. சுத்தமாக வைத்திருந்தும் எங்கள் ஹெட்டில் புள்ளிகள் சாகின்றனவே என்று குறைப்படுபவர்கள், எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் மூன்றாவது முனையை உடைத்துவிட்டு இரண்டு துளைப் பெட்டியில் செருகும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. பிளக்கில் முனை இருந்தும் சுவருக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லாத கட்டடங்களும் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. நாடா வெளியேறும் இடத்தில் மெல்லிய உலோக இழைகளாலான நிலைமின் தூரிகை ஒன்றை எர்த்துடன் இணைத்துப் பொருத்தினால் இன்னும் சிலாக்கியம். மலிவு யந்திரத்தை மேம்படுத்தச் செய்யக்கூடிய செலவுகளில் இதுவே முதலிடம் பெறும்.

யந்திரத்தோடு வரும் 24 வோல்ட் பவர் அடாப்டர் பழுதானால், முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு எதையாவது செருகக் கூடாது. வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். வலுக் குறைந்த அடாப்டரோ, கறுப்பான பெரிய கட்டங்கள் வரும்போது தளர்ந்துபோய் அச்சை மங்கச் செய்யும். அழகுக்காக லேபிள் முழுவதையும் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக விடும் வடிவங்களை நாம் விரும்புவதில்லை. ரிப்பனுக்கும் தண்டம், ஹெட்டுக்கும் தண்டனை.

ரிப்பனும் நாடாவும்

ரிப்பன் மூவகை. மெழுகு, மெழுகும் ரெசினும் கலந்தது, முழு ரெசின். மெழுகு ரிப்பன் குறைந்த சூட்டில் உருகும்; காகித அட்டைக்கு அதுவே போதும். துவைக்கப்படும் நாடாவுக்கு ரெசின் தேவை; அதற்குச் சூடு அதிகம் வேண்டும், வேகம் குறைய வேண்டும். விலை மலிவென்று மெழுகு ரிப்பனை டஃபேட்டாவில் ஓட்டினால் அச்சு கண்ணுக்குக் கருகருவென்றுதான் இருக்கும். முதல் சலவையில் வண்டவாளம் வெளிப்படும். பருத்தி நாடாவில் இழைகளுக்கிடையே பள்ளமிருப்பதால் மை மேட்டில் மட்டும் ஒட்டி எழுத்து உடையும். எவ்வளவு சூடேற்றினாலும் அது தீராது. அந்நாடாவைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் முதலிலேயே மாதிரி காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவது விவேகம்.

ரிப்பனின் எந்தப் பக்கம் மை என்பதில் தவறு நேர்வதுண்டு. உட்புறம் மை பூசியதும் வெளிப்புறம் பூசியதும் கடையில் ஒன்றாகவே கிடக்கின்றன. பசை நாடாவை இருபக்கமும் ஒட்டி எடுத்துப் பார்த்தால், மைப் பக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மாற்றி மாட்டினால் லேபிளில் ஒன்றும் விழாது. மை முழுவதும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அதைக் கண்டு மீண்டும் கருமையை ஏற்றுபவர்களும் உண்டு! நாடாவைவிட ரிப்பன் சற்று அகலமாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ரிப்பனின் முதுகில் வழுக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது. ஹெட்டுக்கு எண்ணெய் போன்றது அது. ரிப்பன் குறுகியிருந்தால் நாடாவின் விளிம்பு நேரே ஹெட்டை அரமாக அராவும்.

எது தக்க சூடு என்று எப்படி அறிவது? கருமையை நடுவில் வைத்து, வேகத்தை 2 அங்குலத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றிப் பத்து லேபிள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அளவை எழுதி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகத் தைத்து, ஐந்து தடவை சோப்பில் துவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தாங்கி நின்றவற்றுள் எது மிகக் குறைந்த அளவோ அதற்கு ஒரு படி மேலே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதில் லாபமில்லை. ஏற்றுமதி வாடிக்கையாளர் ஆய்வுக்கூடச் சான்று கேட்டால் அது வேறு; ஆனால் ஆய்வுக்கூடத்தில் தோற்றுப்போவதைவிட வீட்டு வாளியில் தோற்றுப்போவது எவ்வளவோ மேல்.

பார்கோட்டைத் திருப்புதல்

இனி, அந்தப் பணிமனைக்குத் திரும்புவோம். கருமையை இறக்கி, ஹெட்டை முறைப்படி துடைத்தோம். துணியில் வந்தது கரியும் பஞ்சும் குழைந்த பிசின். பரிசோதனைச் சீட்டு எடுத்தபோது, மூன்று வெள்ளைக் கோடுகளில் இரண்டு மறைந்துவிட்டன. மூன்றாவது மறையவில்லை. அது செத்த புள்ளி. துரதிருஷ்டவசமாக, பார்கோட்டின் நடுவே விழுந்தது அதுதான்.

பார்கோடு என்பது 1952-இல் அமெரிக்காவில் உட்லண்ட், சில்வர் என்னும் இருவருக்குக் காப்புரிமை கிடைத்த கற்பனை. 1974 ஜூன் 26-இல் ஒஹாயோ மாநிலத்துக் கடையொன்றில் சூயிங்கம் பொட்டலம் ஒன்றை முதன்முதலாகப் படித்தது. கடைச் சரக்குகளில் வழங்கும் 13 இலக்கக் கோட்டில், 890 என்று தொடங்குபவை இந்தியாவில் பதிந்த எண்கள். அதில் மிக மெல்லிய கோடு இயல்பான அளவில் 0.33 மில்லிமீட்டர். நம் ஹெட்டின் ஒரு புள்ளியோ 0.125 மில்லிமீட்டர். மூன்று புள்ளி சேர்ந்தால் 0.375, அது சரியே. இரண்டு புள்ளியில் ஒடுக்கினால் 0.25 ஆகி, அனுமதிக்கப்பட்ட சிறும அளவான 80 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. மூன்று புள்ளிக் கோட்டில் ஒரு புள்ளி செத்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கருவி அதை வேறு எண்ணாகவே கருதும் அல்லது படிக்கவே மறுக்கும்.

ஆனால் இதற்கு ஒரு வழி உண்டு. கோடுகள் நாடா ஓடும் திசையிலேயே, வேலி நட்டாற்போல் அச்சாகும்போதுதான் செத்த புள்ளி ஒரு கோட்டை உச்சி முதல் அடி வரை அழிக்கிறது. பார்கோட்டைக் கணிப்பொறியில் 90 பாகை திருப்பி, கோடுகள் ஏணிப்படிபோல் குறுக்கே விழச் செய்தால், அதே செத்த புள்ளி ஒவ்வொரு படியிலும் ஓர் ஊசித் துளையை மட்டுமே விடுகிறது. துளையின் இருபக்கமும் கோடு முழுமையாக இருப்பதால் கருவி தயங்காமல் படிக்கிறது. மேலும் ஒரு நன்மை: மூன்று புள்ளி அகலத்தில் 13 இலக்கக் கோடு, இருபக்க வெற்றிடத்தோடு 42 மில்லிமீட்டருக்குமேல் இடம் கேட்கும். குறுகிய அட்டையில் அதை நெருக்கித் திணிப்பதைவிட நீளவாட்டில் ஏணியாக விடுவதே வசதி. வேகம் அதிகமானால் ஏணிப்படியின் விளிம்பு இழுபட்டு மங்கும். ஆகவே நிதானமாக ஓட்ட வேண்டும். வாங்குபவர் லேபிள் வடிவத்தை ஒப்புதல் செய்து அனுப்பியிருந்தால், திருப்புமுன் அவரிடம் கேட்டுவிடுவதும் முறை.

அன்று மாலையே அவர்கள் தொலைபேசியில் சம்மதம் பெற்று, திருப்பி அச்சிட்டார்கள். ஒவ்வொரு நூறுக்கும் ஒன்றைக் கருவியில் படித்துப் பார்த்துக்கொண்டே அம்மையார் எண்ணி அடுக்கினார்.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ரிப்பனே இல்லாமல், ரசாயனம் பூசிய காகிதத்தை நேரே சுட்டுக் கறுப்பாக்கும் பிரிண்டர்களும் இதே வடிவில் கிடைக்கின்றன. காங்கயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய்க்கும், மஞ்சள் தூளுக்கும் பொட்டலத் தேதியை இவற்றில் அச்சிடுகிறார்கள். செலவு குறைவு. ஆனால் சட்டைப் பையில் வைத்த பேருந்துச் சீட்டு என்ன ஆகிறதென்று நாம் அறிவோம். வெயிலில் வெளுக்கும், சூட்டில் கறுக்கும், எண்ணெய் பட்டால் மங்கும். எண்ணெய்ப் புட்டிமேல் எண்ணெய்க்கு அஞ்சும் காகிதத்தை ஒட்டுவது என்ன நியாயம்? சில நாளில் விற்றுத் தீரும் காய்கறிக் கூடைக்கு அது போதும். மாதக்கணக்கில் கடையில் நிற்கும் பண்டத்துக்கு ரிப்பன் பிரிண்டரே வேண்டும். ரிப்பனின் வழுக்கும் படலம் இடையில் இல்லாமையால், நேரே சுடும் முறையில் ஹெட்டும் சீக்கிரம் தேய்கிறது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹெட்டின் ஆயுளுக்குப் பத்து லட்சம் அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 கிலோமீட்டர், என்று உத்தரவாதம் கூறும் தயாரிப்பாளர்கள் உண்டு. 5 சென்டிமீட்டர் லேபிளில் அது ஐந்து லட்சம் எண்ணிக்கை. பழைய யந்திரம் வாங்குபவர்கள் வெளிப் பெட்டியின் பளபளப்பைப் பாராமல், அகலம் முழுவதும் கறுப்பாக ஒரு பட்டையை அச்சிடச் சொல்லி அதில் வெள்ளைக் கோடு உண்டா என்று பார்க்க வேண்டும். அச்சிட்ட நீளத்தின் எண்ணைப் பரிசோதனைச் சீட்டிலேயே காட்டும் யந்திரங்களும் இருக்கின்றன. ஒரே மாதிரி யந்திரம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு புது ஹெட்டைச் சங்கத்தில் இருப்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் நமக்குத் தோன்றுகிறது. எடுத்தவர் விலையைக் கட்டி மறு ஹெட் வாங்கி வைத்துவிட்டால், இரவு நேரத்தில் எவரும் வெளியூருக்கு ஆளனுப்பித் தவிக்க வேண்டியதில்லை.

இதை எழுதுமுன் அந்தப் பணிமனையை மறுபடியும் பார்த்துவந்தோம். ஒற்றைப் புள்ளி செத்த அதே ஹெட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கருமை 9-இல் நிற்கிறது. யந்திரத்தின் பக்கத்தில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. ரிப்பன் மாற்றிய தேதிகளின் மேலெல்லாம் பென்சிலால் ஒரு சுழி. சானிடைசர் பாட்டில் வாசற்படிக்குப் போய்விட்டது.